இலவசமாக வந்த கட்டில்

கம்பெனிகள் இலவசமாக அனுப்பும் பார்சலில் கத்தரிக்கோலை வைப்பதற்கு முன் தோருன் அந்தப் பொருளின் கடை விலையைத் தேடிப் பார்ப்பாள். பிறகு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, அனுப்பியவர்களுக்கே திருப்பிவிடுவாள். "ஓசின்னு ஒண்ணு கிடையாதுக்கா. வரி ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க, விலை சொல்வாங்க." நானாக இருந்தால் போன மாதம் வந்த கம்பளிப் போர்வையையாவது வைத்துக்கொண்டிருப்பேன்.

வடக்கே பனி ஊரான ஓஸ்டர்சுண்டில், எங்கள் குடியிருப்பில் அவள் என் மாடி வீட்டுக்காரி. பழைய உடுப்பைப் பிரித்துப் புதிதாகத் தைப்பதைப் படம்பிடித்து இணையத்தில் போடுகிறாள். விளம்பரப் பணத்தில்தான் பிழைப்பு. முதலாளி கிடையாது, எனவே சம்பளத்தில் வரி பிடிக்கவும் ஆள் இல்லை. காசு விழுந்த அன்றே பாதியை வரிக்கென்று தனிக் கணக்கில் தள்ளிவிட்டு, "அது என் காசே இல்ல, சும்மா வந்து தங்கியிருக்கு" என்பாள். முன்பெல்லாம் இந்தப் புத்தி இல்லை. ஒரு வருஷம் காபி இயந்திரம், சோபா என்று வந்ததையெல்லாம் வைத்துக்கொண்டாள். வீடியோவுக்குக் கூலியாக வந்த பொருளும் வருமானம்தானே? வரி கட்டக் காரை விற்றாள். அந்த சோபாவிலேயே உட்கார்ந்து அழுததை இப்போது சிரித்துக்கொண்டே சொல்வாள்.

போன வியாழக்கிழமை ஒரு கட்டில் வந்தது, தலைமாட்டைத் தூக்கும் விசையோடு. அவள் கணவன் இங்வார் முதுகு பிடித்துக்கொண்டு இலையுதிர்காலத்திலிருந்து தரையில்தான் படுக்கிறான். ஒரு வீடியோ போட்டால் கட்டில் அவர்களுக்கு. ஆனால் அதற்கான வரி, பிப்ரவரியில் கானரித் தீவு வெயிலுக்குப் போக இருவரும் சேர்த்த பணத்தை அப்படியே விழுங்கிவிடும். அந்தப் பணத்துக்காக அவள் வெளியே காபி குடிப்பதையே விட்டிருந்தாள். இந்த ஊரில் அது சின்ன விஷயமில்லை.

சுமைக்காரர்கள் படிக்கட்டில் நின்று, "மேல கொண்டு வரவா, திரும்ப எடுத்துட்டுப் போகவா?" என்றார்கள்.

"திருப்பி அனுப்பிடு!" இங்வார் உள்ளேயிருந்து கத்தினான். "தரை நல்லாத்தான் இருக்கு. இதுக்கு வரியும் இல்ல!"

"அதை எழுந்து வந்து சொல்லு பாப்போம்" என்றாள் தோருன்.

உள்ளே ஏதோ உரசியது. ஒரு முனகல். அவன் வாசலுக்கு வரவில்லை.

தோருன் கைபேசியை எடுத்து, வெயிலுக்கென்று சேர்த்ததை வரிக் கணக்குக்கு மாற்றினாள். அதன் பிறகே சுமைக்காரர் நீட்டிய திரையில் விரலால் கையெழுத்துப் போட்டாள். போட்ட கையோடு படியிறங்கி, பெட்டியின் கனமான முனைக்குத் தானே தோள் கொடுத்தாள்.