மார்க்ஸ் டோர்மோயில் துருக்கி ஓவியங்களும் முப்பத்தொரு தமிழரும்

ஒரு வாக்குவாதத்தில்தான் இந்தப் பயணம் தொடங்கியது. பாரிஸின் மார்க்ஸ் டோர்மோயில் பழைய சரக்குக் கொட்டகை ஒன்றைக் கண்காட்சிக் கூடமாக்கியிருக்கிறார்கள். சென்ற இலையுதிர் காலத்தில் அங்கே நவீன துருக்கிய ஓவியங்களும் சிற்பங்களும் வைத்திருந்தார்கள். அரபியில், சீனத்தில் எல்லாம் வழிகாட்டிச் சுற்று உண்டு, தமிழில் மட்டும் இல்லை. பத்து நிமிடம் நடந்தால் லா சப்பல், தெரு முழுக்கத் தமிழ்க் கடை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறுப்பாளரான பிரெஞ்சுப் பெண்மணியிடம் போய், தமிழில் நான் நடத்துகிறேன் என்றேன்.

"உங்கள் ஆட்கள் இதற்கெல்லாம் வரமாட்டார்கள்" என்றார் அவர். நான் விடவில்லை. கடைசியில் ஒரு சனிக்கிழமை தந்தார். பதினைந்து பேர் வந்து முடியும்வரை நின்றால், எந்தக் கண்காட்சி வந்தாலும் மாதாமாதம் தமிழ்ச் சுற்று, நானே வழிகாட்டி. ஓராள் குறைந்தாலும் அத்தோடு சரி. நானோ புறநகர் ஆர்ஜொந்தெய்யில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கோப்புப் புரட்டுகிறவள். ஓவியம் பார்ப்பது மட்டும் இருபது வருடப் பைத்தியம். அந்தப் பைத்தியத்துக்கு ஒரு தொழில் கிடைக்கப்போகிறது என்றால் சும்மா விடுவேனா? ஆறு வாரம் இரவு பகலாகப் படித்தேன்.

அந்தச் சனிக்கிழமை ஆர்ஜொந்தெய்யில் 12.40 ரயில். சென்-லசாரில் இறங்கி மெட்ரோ பன்னிரண்டாம் வழித்தடம், ஒன்பதாவது தரிப்பு மார்க்ஸ் டோர்மோய். இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், இரண்டரை யூரோ. மொத்தம் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், சென்-லசாரில் படியேறி இறங்குவதிலேயே பத்து நிமிடம் போய்விடும். நான் முன்னதாகவே போய், லா சப்பல் வரை நடந்து, வடையும் தேத்தண்ணியுமாக ஒரு கடையில் உட்கார்ந்து படபடப்பை அடக்கினேன்.

நேரம் மூன்று மணி என்று நான்தான் தேர்ந்தெடுத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்து, இரவுச் சமையல் தொடங்கும்வரை உணவகக்காரருக்கு அதுதான் ஓய்வு. கடைக் கதவுகளில் ஒட்டிய அறிவித்தலில் மட்டும் கெட்டித்தனமாக இரண்டரை என்று போட்டேன். நம்மவர்கள் அரை மணி பிந்தித்தானே வருவார்கள்! ஆனால் அவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர். தமிழர் போட்ட நேரம் என்றால் அதோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது லா சப்பலில் எல்லோருக்கும் தெரியும். மூன்று மணிக்கு நான்கே நான்கு பேர். பொறுப்பாளர் மணிக்கூட்டைப் பார்க்கிறார், நான் வாசலைப் பார்க்கிறேன்.

மூன்று இருபத்தைந்துக்கு வந்தார்கள் ஐயா! சம்பந்தி, மச்சான், கைக்குழந்தை என்று ஒரு கலியாண வீட்டுக் கூட்டம். முதல் நால்வரையும் சேர்த்து எண்ணினால் முப்பத்தொரு பேர். கூடவே இரண்டு தட்டு ரோல்ஸ். சாப்பாட்டை உள்ளே விடமாட்டோம் என்று காவலாளி சொல்ல, தட்டுகள் மேலங்கி மாட்டும் இடத்தில் போய் உட்கார்ந்தன.

தலை எண்ணிக்கை வந்துவிட்டது, இனி நிறுத்தி வைப்பதுதான் பாடு. நான் தாளை எடுத்து, "துருக்கிய நவீன ஓவியத்தின் வளர்ச்சிக் கட்டங்கள்" என்று மேடைத் தமிழில் ஆரம்பித்தேன். ஐந்து நிமிடத்தில் ஒருவர் கொட்டாவி விட்டார். சமையல்காரர் இருவர் கதவுப் பக்கம் நகர்ந்தார்கள். பொறுப்பாளர் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது லா சப்பலில் கலியாணப் படம் எடுக்கும் குமரன் அண்ணை, ஓர் அரண்மனைத் தோட்ட ஓவியத்துக்கு முன்னால் நின்று உரக்கச் சொன்னார்: "தங்கச்சி, இது போட்டோவைப் பாத்துக் கீறினது!"

"எப்பிடி அண்ணை தெரியும்?"

"ஒரு ஆளும் இல்லைப் பாருங்கோ. இவ்வளவு பெரிய தோட்டம், இலை இலையாக் கிடக்கு, ஒரு தோட்டக்காரன்கூட இல்லை. நான் தினமும் படத்திலை வேண்டாத ஆக்களை அழிக்கிறவன், எனக்குத் தெரியாதே?"

சரியாகச் சொன்னார்! நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு வீட்டில் பேசுவதுபோலப் பேசத் தொடங்கினேன். "ஓம் அண்ணை, அந்தக் காலத்துத் துருக்கி ஓவியர் இராணுவப் பள்ளிக்கூடத்திலை கீறப் பழகின ஆக்கள். போட்டோவை வைச்சுத்தான் கீறினவை. ஆளை முன்னாலை நிப்பாட்டிக் கீறிற பழக்கமே இல்லை."

அதைப் படிக்கத்தான் அரசாங்கம் சிலரைப் பாரிஸுக்கு அனுப்பியது. 1914இல் போர் வந்ததும் திரும்பிப் போனார்கள், ஒளியையும் மனித உடலையும் தூரிகையில் கொண்டுபோனார்கள். பெண்களுக்கும் ஓவியப் பள்ளி திறந்தது. சிலை வைக்கும் வழக்கமே அரிதாக இருந்த ஊர்ச் சதுக்கங்களில், குடியரசு வந்தபின் முதலில் வெளிநாட்டுச் சிற்பிகள் சிலை வைத்தார்கள், பிறகு துருக்கியரே உளியை எடுத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இன்னும் சிலர் பாரிஸுக்கே வந்து, உருவத்தையே விட்டுவிட்டு வண்ணத்தை மட்டும் வைத்து வரைந்தார்கள்.

"அவையும் எங்களை மாதிரி அறை வாடகைக்கு எடுத்தே இருந்தவை?" என்று கேட்டார் கதவடிக்குப் போன சமையல்காரரில் ஒருவர். எப்போது திரும்பி வந்தாரோ!

"ஓம் அண்ணை, இந்தக் குளிருக்குள்ளைதான்."

"அப்ப கெட்டிக்காரர்தான்" என்று இரும்புச் சிற்பம் ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். பற்றவைத்த இடத்தைத் தன் மச்சானுக்குக் காட்டினார். சமையல்காரராகும் முன் அவர் லா கூர்னெவ்வில் இரும்பு பற்றவைக்கும் வேலை செய்தவராம். பிறகு அவர் விளக்க, நாங்கள் கேட்டோம். ஐந்து மணிக்குக் காவலாளி விளக்கை அணைத்து அணைத்துக் காட்டும்வரை ஒருவரும் நகரவில்லை. முப்பத்தொரு பேரும்!

பொறுப்பாளருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் கண் கலங்கியிருந்தார். "நான் தவறாக நினைத்துவிட்டேன்" என்றார். வெற்றி என்றால் இதுதான்! நான் பெருந்தன்மையாக ஒரு ரோல்ஸ் கொடுத்தேன்.

வர நினைப்பவர்களுக்கு: மாதத்தின் முதல் சனி, பின்னேரம் மூன்று மணி, உண்மையான மூன்று மணி. நுழைவு இலவசம், ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பெரிய பை கொண்டுவராதீர்கள். ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாதே என்று தயங்காதீர்கள், உங்கள் தொழில் கண்ணைக் கொண்டுவாருங்கள். பிரெஞ்சு வராவிட்டாலும் பரவாயில்லை. வரவேற்பு மேசையில் "தமிழ்" என்று மட்டும் சொல்லுங்கள், என்னைக் கூப்பிடுவார்கள்.