ஆட்டோ ஏறாமல் மூன்று நாள்

சென்ட்ரல் ரயில் நிலைய வாசலில் என் கணவரின் அண்ணன் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். நான்காக மடித்திருந்தது, உள்ளங்கை வியர்வையில் ஓரம் நனைந்திருந்தது. பிரித்துப் பார்த்தேன். எந்த வண்டியை எங்கே பிடிப்பது, எங்கே இறங்குவது, எந்தத் தெருவில் காலையில் நிழல் விழும், எங்கே கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்று மூன்று நாளுக்கும் எழுதியிருந்தார். ஒவ்வோர் எழுத்தும் கட்டைவிரல் உயரம். சேலத்திலிருந்து வருகிறவளுக்கு இவ்வளவு பெரிதாக எழுதினால்தான் புரியும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. அதற்கு ஐந்து நிமிடம் முன்புதான் அவர் என்னைத் தாண்டிப் போயிருந்தார். நான் கையை ஆட்டினேன், மாமா என்று கூப்பிடவும் செய்தேன். அந்த இரைச்சலில் என்னைப் பார்க்காததுபோல் நடந்துபோய், நேர் எதிரே நின்ற தம்பியின் தோளைத் தொட்டுச் சிரித்தார். அந்த அவமதிப்போடுதான் என் சென்னைப் பயணம் தொடங்கியது.

பிள்ளைகளுக்கு அவர் பெரியப்பா. இங்கே நானும் அப்படியே சொல்கிறேன். மனைவி இறந்தபின் ஆதம்பாக்கத்தில் தனியாக இருந்தார். தி.நகரில் ஒரு துணிக்கடையில் வெகுகாலமாக விற்பனையாளர். ஊர்ப் பக்கம் அதிகம் வராதவர் அந்தக் கோடை விடுமுறையில் தானாகவே போன் செய்தார். "பிள்ளைங்களுக்குக் கடலைக் காட்டலாம், கூட்டிட்டு வா. செலவைப் பத்திக் கவலைப்படாத. ஆட்டோவே ஏற வேணாம், எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றார். கணவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. எனக்கோ அன்று மாலையே உறுத்தல் தொடங்கிவிட்டது. சேலத்தில் நாங்கள் குடியிருக்கும் வீடு மாமனார் கட்டியது, அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் இருந்தது. பத்து வருடமாக வாய் திறக்காத மனிதர் எதற்காக இப்போது பாசத்தோடு அழைக்கிறார்?

வந்த இடத்தில் அவர் வீட்டுக்கும் கூட்டிப் போகவில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லி, மயிலாப்பூர்க் குளத்துக்குப் பக்கத்தில் வாடகை குறைவான ஓர் அறையைப் பிடித்துக் கொடுத்தார். தண்ணீர் வராத வீட்டில் அவர் மட்டும் எப்படி இருக்கிறார் என்று கணவரிடம் கேட்டேன். "உனக்கு எதுலயும் குத்தம்தான்" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

முதல் நாள் மயிலாப்பூர். மாடவீதிகளைச் சுற்றி நடந்தோம். குளத்துப் படியில் உட்கார்ந்து பிள்ளைகள் பொரி தின்றார்கள். லஸ் வரை நடந்து, திரும்பும் வழியில் ஒரு சின்ன மெஸ்ஸில் சாப்பிட்டோம். உண்மையைச் சொல்ல வேண்டும், திட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. எந்த இடத்தில் நடைபாதை உடைந்திருக்கிறது, எந்த முனையில் வண்டிகள் திடீரென்று திரும்பும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் நடக்கும்போது ஒரு கை எப்போதும் என் மகளின் தோளில் இருந்தது. அவளுக்கு ஒன்பது வயது. பேருந்து நிறுத்தத்தில் அவளுக்கும் ஆறு வயதுத் தம்பிக்கும் ஒரு விளையாட்டு வைத்தார். வருகிற வண்டியின் எண்ணை யார் முதலில் படிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். "பெரியப்பா, 29சி!" என்று அவள் கத்தினால் இவர் எழுந்திருப்பார். தானாக ஒரு முறைகூட எழுந்ததில்லை. வெயிலில் நிற்கப் பிள்ளைகள், நிழலில் உட்கார இவரா என்று நினைத்தேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத வண்டி வரும்வரை மற்றவற்றை விட்டுவிடச் சொன்னார். கஞ்சத்தனம் என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

மாலை ஐந்தடித்தால் அவர் இருப்புக்கொள்ளாமல் தவிப்பார். பிள்ளைகள் கெஞ்சினாலும் நிற்க மாட்டார். பறக்கும் ரயிலைப் பிடித்து, வேளச்சேரியில் இறங்கி ஆதம்பாக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார். இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போயே தீர வேண்டிய அவசரம், தனியாக வாழ்கிற மனிதருக்கு என்ன? யாரோ காத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். நாங்கள் வரக் கூடாது என்று வீட்டை மறைப்பதும் அதனால்தான்.

இரண்டாம் நாள் தி.நகர். ரங்கநாதன் தெரு நெரிசலில் ஓர் இளைஞர் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னா அண்ணே, நல்லாக் கீறீங்களா? கடையை விட்டு நின்னு ஆறு மாசம் ஆச்சு, ஒரு போன்கூடப் பண்ணல!" பெரியப்பா அவர் முகத்தைத் தேடிப் பார்ப்பதுபோல் சற்று நேரம் பார்த்து, குரலை வைத்து அடையாளம் கண்டவராய்ச் சிரித்தார். இரண்டு வார்த்தை பேசி அனுப்பிவிட்டு, "கூட வேலை பார்த்த பையன்" என்று மட்டும் எங்களிடம் சொன்னார். வேலையில்லை என்பதை எங்களிடம் அவர் சொல்லவே இல்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேலை போய்விட்டது, பணம் தேவை, சேலத்து வீட்டை விற்க வேண்டும், அதற்குத் தம்பியின் கையெழுத்து வேண்டும்.

அவர் தோளில் எப்போதும் ஒரு துணிப்பை தொங்கியது. அதற்குள் பழுப்பு நிற உறை ஒன்று இருந்ததைக் காலையிலேயே கவனித்திருந்தேன். மதியம் பனகல் பூங்காவில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் வாங்கிக்கொண்டு திரும்பினேன். பெஞ்சில் அண்ணனும் தம்பியும் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா உறையைப் பாதி வெளியே எடுத்திருந்தார். என் குரல் கேட்டதும் உள்ளே தள்ளிவிட்டார். அன்று இரவு அறையில் கணவரிடம் கேட்டேன். "ஏதோ சொல்ல வந்தாரு, சொல்லல" என்றார். எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று பிள்ளைகள் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் தூங்கினேன்.

மூன்றாம் நாள்தான் கடல். காலையிலேயே பெசன்ட் நகரில் இறங்கி, ஊரூர் ஒல்காட் குப்பத்துப் பக்கம் மணலில் நடந்தோம். பிள்ளைகள் அலையில் நனைந்து கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு மணி நேரம் நானும் சந்தேகத்தை மறந்தேன். பிறகு மகளுக்கு உடை மாற்ற அவளைக் கூட்டிக்கொண்டு நான் ஒரு பக்கம் போக, கணவர் டீ வாங்கப் போனார். மகனைப் பெரியப்பாவிடம் விட்டிருந்தோம். திரும்பி வந்தபோது பெரியப்பா படகுகளுக்கு நடுவே தனியாக, "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டபடி வேறு திசையில் நடந்துகொண்டிருந்தார். பையனைக் காணவில்லை.

அந்தச் சில நிமிடங்களில் நான் என்னவெல்லாம் பேசினேன் என்பதை இப்போது முழுவதும் எழுத மனம் வரவில்லை. அலையைப் பார்த்துப் பார்த்துக் கத்தினேன். "ஒரு பிள்ளையைப் பார்த்துக்கத் துப்பில்ல! வீட்டை எழுதி வாங்கத்தானே கூப்பிட்டீங்க? அந்தப் பையில இருக்கறது என்னன்னு எனக்குத் தெரியாதா?" மீன் வாங்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பா நான் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, யாருமில்லாத இடத்தை நோக்கிக் கை கூப்பினார்.

மீன் விற்கும் பெண்மணி ஒருவர் என் மகனைக் கையில் பிடித்து இழுத்து வந்தார். அவன் ஒரு நண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். "இன்னாத்துக்கும்மா அவர் மேல பாயற? பையன் அவர் பக்கத்துலயேதான் குந்திக்கினு இருந்தான். அவருக்குத்தான் தெர்ல. தாண்டிப் பூட்டாரு" என்றவர், என் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "கூட இருக்கற உனக்கே தெர்லயா? அந்த மனுசனுக்குக் கண்ணு இல்லம்மா."

டீயோடு வந்த கணவர் அப்படியே நின்றார். பெரியப்பா மணலில் உட்கார்ந்து, பையைத் தடவி அந்த உறையை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். வலது கண் முழுவதும் போய்விட்டது, இடது கண்ணில் நேரே இருப்பது மட்டும், குழாய் வழியே பார்ப்பதுபோல் தெரியும் என்றார். கண்ணுக்குள் நீரழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுவிடுமாம். போனது திரும்பாது. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் சொட்டு மருந்திலேயே தடுத்துவிடலாம்.

"கூடப் பொறந்தவங்களுக்கும் வரலாம், உடனே கூட்டிட்டு வந்து பார்க்கச் சொல்லுங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்கடா. போன்ல சொன்னா நீ பயந்துடுவ, இல்ல சிரிச்சிட்டு விட்டுடுவ. நேர்ல சொல்லலாம்னு கூப்பிட்டேன். பிள்ளைங்க சந்தோஷமா இருந்தாங்க, வாய் வரல." பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "மெதுவா நடக்கறதும், பஸ்ஸும்... இந்த வழிங்க மட்டும்தாம்மா எனக்கு இன்னும் மனப்பாடம். வேற எங்கயும் கூட்டிட்டுப் போக எனக்குத் தைரியம் இல்ல."

ஒரு நல்ல மனுஷி அங்கேயே காலில் விழுந்திருப்பாள். நான் செய்தது வேறு. கணவர் கையிலிருந்து உறையை வாங்கி ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். கடைசித் தாள்வரை பத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாமே கண் மருத்துவமனைச் சீட்டுகள். நான் புரட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவர் உட்கார்ந்திருந்தார். எதைத் தேடுகிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அன்று மாலை முதல்முறையாக அவர் வீட்டுக்குப் போனோம். குழாயில் தண்ணீர் நன்றாகவே வந்தது. படி ஓரங்களில், அடுப்புத் திருகில், கதவுத் தாழ்ப்பாளில் எல்லாம் மஞ்சள் பிளாஸ்டிக் நாடா ஒட்டியிருந்தார். பிள்ளைகள் அதைத் தொட்டுத் தொட்டு விளையாடினார்கள். நான் சமையலறையில் நின்று அழுதேன்.

சேலம் திரும்பிய வாரமே கணவரைச் சோதித்தார்கள். இரண்டு கண்ணிலும் அழுத்தம் ஏறியிருந்தது. வலது கண்ணில் ஓரத்தில் கொஞ்சம் போயிருந்தது, அது அவருக்கே தெரியவில்லை. இன்னும் இரண்டு வருடம் விட்டிருந்தால் என்று டாக்டர் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் சொட்டு மருந்து. இன்றைக்கு அவர் வண்டி ஓட்டுகிறார், செய்தித்தாள் படிக்கிறார், என்னோடு சண்டை போடுகிறார்.

பெரியப்பா எங்களோடு வந்து இருக்க மறுத்துவிட்டார். அதனால் ஒவ்வொரு விடுமுறைக்கும் நாங்கள் போகிறோம். அதே வழிகள்தான், இப்போது திட்டம் போடுவது என் மகள். போன மாதம் அவரும் நானும் குப்பத்துக் கரையில் ஒரு படகில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். இடது கண்ணிலும் ஒன்றும் மிச்சமில்லை என்று மருத்துவமனையில் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்கள். அவரோ யாரிடமும் அதை ஒப்புக்கொள்வதில்லை.

"அதோ, பச்சைப் படகு ஒண்ணு உள்ள போகுது பாரும்மா" என்று கடலைக் காட்டினார்.

கடலில் ஒரு படகும் இல்லை. என் வாழ்நாளில் நான் எதையும் நம்பியவள் அல்ல, யார் சொன்னதையும் ஒரு தடவை கிளறிப் பார்க்காமல் விட்டவளும் அல்ல.

"ஆமா மாமா, வேகமாப் போகுது" என்றேன்.