தண்ணீர் குடிக்காத நடவு நாள்கள்

மருத்துவர்மீது இன்று நான் எழுதத் தொடங்கிய புகார்:

1. புதன் காலை: என் மனைவியிடம் கேட்ட கேள்விகளுக்கு நான் பதில் சொன்னபோது, "சார், வலி உங்களுக்கா?" என்றார்.

2. அதே காலை, சற்றுப் பின்: முதுகலைப் பட்டம் பெற்ற என்னை வெளியே உட்காரச் சொன்னார்.

மூன்றாவதை எழுதுமுன் மனைவி மருத்துவர் அறையிலிருந்து வந்துவிட்டாள். சிறுநீர்த் தொற்றாம். இந்தக் குறுவைச் சாகுபடியில் இரண்டாவது முறையாம். எனக்குத் தெரியாது.

நன்னிலத்து வயலில் நடவாட்களோடு நாள் முழுதும் நிற்பவள் அவள்தான்.

"தண்ணீர் குடிப்பதில்லையா?" என்றேன்.

"நடவு அன்னைக்கு எந்தப் பொம்பள தண்ணி குடிப்பா? குடிச்சா எங்கங்க போறது?"

"என்னிடம் சொல்லியிருக்கலாமே."

"பம்புசெட்டுகிட்ட உங்க பைக்குக்குக் கொட்டகை போட்டீங்களே, அது வந்து கேட்டுச்சா?"

புகாரை வாங்கி, மருத்துவர் பெயரை அடித்து என் பெயரை எழுதினாள். மூன்றாவதையும் அவளே நிரப்பினாள்: வயலில் பெண்களுக்குக் கழிவறை எப்போது?

நல்ல கொத்தனாரைத் தெரிந்த நண்பர்கள் உடனே தெரிவிக்கவும். ஞாயிறு மாலைக்குள் நான் எழுத்துமூலம் பதிலளிக்க வேண்டுமாம்.