இனிப்பு மோப்பம்

புண்ணிலிருந்து எடுத்த கிருமிகளுக்குச் சர்க்கரை காட்டி, அவை எந்தப் பக்கம் நீந்துகின்றன என்று பார்ப்பதுதான் ஆய்வகத்து அக்காவின் பிழைப்பு. கண்ணில்லாவிட்டாலும், இனிப்பு கூடும் திசை அவற்றுக்குத் தெரிந்துவிடும். அன்று கிருமித் தண்ணீரில் தோய்ந்த கண்ணாடிக் குழாய் உடைந்து, கையுறையைக் கிழித்து விரலில் ஏறிவிட்டது.

“சின்னக் கீறல்தானேக்கா, டாக்டர் எதுக்கு? மருந்து வெச்சா போச்சு,” என்றாள் கூட வேலை பார்ப்பவள்.

“எனக்குச் சர்க்கரை வியாதிடி. என் ரத்தம் இதுங்களுக்கு விருந்துச் சாப்பாடு.”

“ஆமா, உன்னத் தேடித்தான் வருதுங்களாக்கும்!”

அக்கா பயந்துதான் போனாள். பயந்தவள் ஓடியிருக்க வேண்டும். படித்தவள் சோதித்துப் பார்த்தாள். விரலைப் பிதுக்கி, ஒரு துளியைப் புதுக் குழாயில் ஏற்றி, அதே தண்ணீரில் முக்கி, நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். திக்கில்லாமல் தடுமாறிக்கொண்டிருந்தவை ஒவ்வொன்றாகக் குழாயின் வாய்ப்பக்கம் திரும்பின.

நாற்காலி கவிழ்ந்ததுகூடத் தெரியாமல் டாக்டரிடம் ஓடினாள்.