ஆயுத பூஜையன்று தூங்காத சர்வர்

மலேசியாவின் செனாவாங்கில் நான் கணினி வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கு முதலாளி தமிழர். ஆகவே ஆயுத பூஜையன்று மதியத்துக்கு மேல் எல்லா எந்திரங்களுக்கும் ஓய்வு. அந்த ஆண்டு சர்வர் ரேக்குக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். மாலை மட்டும் போட முடியவில்லை. உள்ளிருக்கும் காற்றாடி பூவை இழுத்துத் தின்றது.

பக்தி என்று நினைத்துவிட வேண்டாம், பயம். நெட்வொர்க்கை ஓட்டிய மூன்று பழைய பெட்டிகளைத் தூக்கிப்போட்டு, அவற்றின் வேலையை ஒரே சர்வருக்குள், வெறும் மென்பொருளாலான மெய்நிகர் எந்திரங்களாக ஏற்றியிருந்தேன். கரண்ட் பாதியாகக் குறையும் என்று மேனேஜரம்மாவிடம் அளந்தும் விட்டிருந்தேன்.

"கொறையலேன்னா ஸ்டோருக்குப் போயி ஸ்குரூ எண்ணு லா" என்றார் அவர். ஸ்டோரில் ஏர்கோன் கிடையாது.

பூஜை முடிந்து எல்லாரும் கேன்டீனுக்குச் சுண்டல் தின்னப் போனார்கள். நெட்வொர்க்கில் ஈ, காக்கா இல்லை. மின்சார வேலை பார்க்கும் அண்ணன் ரேக்கின் மீட்டரைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, எங்க மிஷினெல்லாம் தூங்குது. ஒன் பொட்டி மட்டும் ஏன் இந்தத் தீனி திங்குது? காலையில இருந்த அதே நம்பர் லா."

உட்கார்ந்து தோண்டினேன். குற்றவாளி நான்தான். வேகம் வேண்டுமென்று, "தரவு வந்ததா, வந்ததா" என ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும்படி அந்த மெய்நிகர் எந்திரங்களை அமைத்திருந்தேன். வந்தாலும் வராவிட்டாலும் கேட்பது நிற்காது, கரண்டும் குறையாது. தரவு வந்தால் எழுந்திரு, இல்லையென்றால் தூங்கு என்று மாற்றினேன். மீட்டர் சரசரவென இறங்கியது.

மேனேஜரம்மா வந்து, "யாரு அப்பிடி வச்சது?" என்றார். பழியை மென்பொருள் விற்றவன் தலையில் கட்ட நாக்கு துடித்தது. குங்குமப் பொட்டு என்னையே முறைத்தது.

"நான்தான் மேடம்."

"நாளைக்கு ஆளுங்க வந்து வேலை ஓடட்டும். அப்பறம் பாப்போம்."

மறுநாள் சாயங்காலம், ஆலை முழுவீச்சில் ஓடியபோதும் எண் பெரிதாக ஏறவில்லை. "ஸ்குரூவெல்லாம் தப்பிச்சுது" என்று சொல்லிவிட்டுப் போனார் மேனேஜரம்மா. எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. அந்த வாரம் முழுக்க ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடிப்போய் மீட்டரை எட்டிப் பார்த்தேன். ஏறிவிட்டதா, ஏறிவிட்டதா.

வெள்ளிக்கிழமை அண்ணன் சர்வர் அறை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டார்.

"ஒக்காரு தம்பி. ஏறுனா நானே வந்து எழுப்புறேன். அது வரைக்கும் நீயும் தூங்கு லா."