சுழி போடாத கட்டங்கள்

எங்கள் மீன்துறை ஆபீஸில் அக்காவுக்குப் பட்டப்பெயர் பம்பரம். ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் அவள் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பிரிண்டருக்கும் ஜன்னலுக்கும் நடந்து நடந்தே யோசிப்பாள். பார்க்கிற நமக்குத்தான் தலை சுற்றும்.

கம்ப்யூட்டருக்குள் அவள் ஒரு கடல் வைத்திருந்தாள். அதில் பாசி, பாசியைத் தின்னும் பொடிமீன், பொடிமீனைத் தின்னும் பெரிய மீன், எல்லாவற்றையும் அள்ளும் வலை. வலையைக் கூட்டினால் பத்து வருஷத்தில் எது பட்டினி கிடக்கும், எது அழியும் என்று திரையில் கோடு ஓடும். படகோட்டும் அவள் தம்பி இதை “அக்கா ஆடுற கேம்” என்பான். படகுக்காரர்கள் எழுதித் தரும் படிவங்களைப் பார்த்து அந்தக் கடலுக்குள் எண்களைத் தட்டுவது என் வேலை.

அன்று மூன்று மணிக்குள் அறிக்கை போக வேண்டும். கரையை ஒட்டிய பாறைப்பக்கத்தில் மீன்பிடிக்கத் தடை போடலாமா, வேண்டாமா? தம்பியின் சின்னப் படகுக்கு அதைத் தாண்டிப் போக வலு கிடையாது. தடை வந்தால் அவன் பிழைப்பு போச்சு. நல்லவேளை, மீன் குறையாமல் கோடு மேலேதான் நின்றது. ஆனாலும் காலையிலிருந்து அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“ஏன் இவ்வளவு நல்லா வருது?”

“நல்லா வந்தா உங்களுக்குப் பொறுக்காதே!” என்று எரிந்து விழுந்தேன்.

மதியம் தம்பியே அந்த மாதப் படிவத்தோடு வந்தான். அக்கா வாங்கிப் பார்த்தாள். எத்தனை கிலோ என்ற வரிசையில் பதினோரு கட்டம் காலி.

“ஏன்டா, பதினோரு நாள் போகலையா?”

“தெனமும் போனேனே.”

“பின்ன ஏன் எழுதல?”

“ஒண்ணும் மாட்டலக்கா.”

“அப்ப சுழி போட வேண்டியதுதான?”

பைத்தியங்களைப் பார்ப்பதுபோல் எங்களைப் பார்த்தான். “கடலுக்குப் போறவன் எவனாவது தன் கையால சுழி போடுவானா? படகை உள்ள இழுக்கிறதுக்கும் அதானக்கா பேரு! யாருமே போட மாட்டோம்.”

நான்கு வருஷமாகக் காலிக் கட்டத்தையெல்லாம் ‘படகு போகவில்லை’ என்றே தட்டியிருக்கிறேன். வெறும் வலையோடு திரும்பிய நாளெல்லாம் கணக்கிலேயே வரவில்லை. பக்கத்துக் கட்டத்தில் டீசல் அளவு பளிச்சென்று இருக்கிறது. கட்டிக் கிடக்கும் படகா டீசல் குடிக்கும்? மரமண்டை, எனக்கு உறைக்கவே இல்லை.

தம்பியை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரில் டீசல் செலவான காலிக் கட்டங்களிலெல்லாம் ஒரே தட்டில் சுழி போட்டோம். அக்கா ஓட்டிப் பார்த்தாள். கோடு சரிந்தது. முதலில் பெரிய மீன் போனது. ஆறாவது வருஷம் பாறைப்பக்கமே காலி. மூன்று தடவை ஓட்டியும் அதேதான்.

“அக்கா, பழைய கோட்டையே அனுப்பிடுங்க. யாரு பார்க்கப் போறா?” என்றேன். வெட்கக்கேடுதான், ஆனால் சொன்னேன்.

“நான் பார்த்துட்டேனே” என்றாள். அனுப்பிவிட்டு வெளியே போனாள். மனசு கேட்காமல் நானும் பின்னால் போனேன்.

தம்பி எழுந்தான். “என்னக்கா, நம்ம இடம் தப்பிச்சுதா?”

“தடை போடச் சொல்லி அனுப்பிட்டேன்டா. அங்க மீனே இல்ல.”

“மீன் இல்லன்னு எனக்குத் தெரியாதா?” அவன் கண் கலங்கிவிட்டது. “நான் எங்க அக்காகிட்டதான சொன்னேன். ஆபீஸ்கிட்டயா சொன்னேன்?”