கேக்குக்கு வைத்திருந்த முட்டைகள்

அறுபதுகளில் போர்ட் பிளேரில், மரைன் ஹில்லில் குடியிருந்தோம். மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு நானே கேக் சுடுவதாக இருந்தேன். அக்கரையிலிருந்து சரக்கு கொண்டுவரும் மெயின்லேண்ட் கப்பல் தாமதமானதால் கடைகளில் கோழிமுட்டை இல்லை. மீன்பிடிக்கப் போன என் கணவர், கரையில் தோண்டிய ஆமை முட்டைகளை மணலோடு ஒரு கூடையில் கொண்டுவந்தார்.

"புது முட்டைதாம்ட்டி. கேக்கு மெத்துன்னு வரும்" என்றார்.

மறுநாள் காலையில் வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்துவிட்டு, முதல் முட்டையைக் கத்தியால் கீறப் போனேன். உள்ளங்கையில் அது அசைந்தது. தோலைக் கிழித்துக்கொண்டு ஒரு சின்னத் தலை வெளியே வந்தது. கூடையைப் பார்த்தேன். மணலுக்குள்ளிருந்து குஞ்சுகள் ஒவ்வொன்றாக ஏறி வந்துகொண்டிருந்தன.

"ஏங்க, இங்க வாங்க. எல்லாத்துக்கும் உசிரு இருக்கு."

அவர் கூடையருகே மண்டியிட்டார். ஒரு குஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு, "கடல்லயே விட்டுருவோம்" என்றார்.

மகளையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போய்க் குஞ்சுகளை ஈர மணலில் இறக்கிவிட்டோம். பிறந்து ஒரு நாழிகைகூட ஆகாதவை, யாரும் வழிகாட்டாமலே அலையைப் பார்த்து நடந்தன. அலை வந்து அள்ளிக்கொண்டு போனது.

அந்தக் கேக்கைத் தேங்காய்ப்பாலும் சோடா உப்பும் சேர்த்துச் சுட்டேன். கொஞ்சம் அழுத்தமாகத்தான் இருந்தது. ஆமை முட்டையை அதன்பின் நான் தொட்டதில்லை. கோழிமுட்டையைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே உடைக்கிறேன்.